வானத்தைப் படிக்க ஒரு வகுப்பறை

பெங்களூரில் இருக்கும் ராமன் ஆராய்ச்சி நிலையத்தின் நூலகத்தில், சர் சி.வி. ராமனின் மாணவர்கள் எழுதிய ஆய்வேடுகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்று 1945ல் எழுதி முடிக்கப்பட்டது. வைரம், மாணிக்கம் போன்ற கற்கள் ஒளியை எப்படி உள்வாங்கி வெளியிடுகின்றன என்பது பற்றியது. எழுதியவர் பெயர் அன்னா மணி. அவருக்கு முனைவர் பட்டம் கடைசி வரை கிடைக்கவில்லை.

பின்னாளில் இந்தியாவின் வானிலைக் கருவிகளை உள்நாட்டிலேயே செய்ய வைத்தவர் இவர்தான். இயற்பியல் படித்த ஒருவர் வானிலைக்கு வந்தது ஒரு தற்செயல். அந்தக் காலத்தில் வானிலையை ஆழமாகப் படிக்க விரும்பும் இந்திய மாணவருக்கு இரண்டே வழிகள் இருந்தன. ஒன்று, வானிலைத் துறையில் வேலைக்குச் சேர வேண்டும். இல்லையென்றால் கப்பல் ஏற வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தியாவில் வானத்தை அளக்கும் கருவிகளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. சென்னையில் 1796லிருந்தே வானிலைப் பதிவுகள் இருக்கின்றன. கருவி வந்து ஒன்றரை நூற்றாண்டு ஆகியும் வகுப்பறை வரவில்லை. ஏன் வரவில்லை, பிறகு எப்படி வந்தது என்பதே இந்தக் கட்டுரை.

நுங்கம்பாக்கத்துத் தூண்

சென்னை நுங்கம்பாக்கத்தில், கல்லூரிச் சாலையில் இருக்கிறது மண்டல வானிலை ஆய்வு மையம். மழைக்காலத்தில் தொலைக்காட்சிகளில் தினமும் அடிபடும் இடம். அந்த வளாகத்துக்குள் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. 1792ல் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே கட்டிய வானாய்வுக்கூடத்தின் மிச்சம் அது. தொலைநோக்கியைத் தாங்குவதற்காக நிறுத்தப்பட்டது. அதில் லத்தீன், தமிழ், தெலுங்கு, உருது மொழிகளில் கல்வெட்டு உண்டு.

வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி 1786ல் எழும்பூரில் சொந்த ஆர்வத்தில் வைத்திருந்த கருவிகள்தான் இதற்கு மூலதனம். மைக்கேல் டாப்பிங் என்பவர் நுங்கம்பாக்கத்தில் கட்டிடத்தைக் கட்டினார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஜான் கோல்டிங்ஹாம் 1796லிருந்து வெப்பம், காற்றழுத்தம், மழை என்று பதிவு செய்யத் தொடங்கினார். கோட்டையிலும் பரங்கிமலையிலும் பீரங்கி சுடும் சத்தம் தன் காதுக்கு வந்து சேர எவ்வளவு நேரமாகிறது என்று கணக்கிட்டு, காற்றில் ஒலியின் வேகத்தை அளந்தவரும் இவரே.

இதே டாப்பிங்கும் கோல்டிங்ஹாமும் சேர்ந்து 1794ல் சென்னையில் ஒரு பள்ளியையும் தொடங்கினார்கள். எட்டே மாணவர்கள். அந்தப் பள்ளி வளர்ந்துதான் கிண்டிப் பொறியியல் கல்லூரி ஆனது. ஆனால் அந்த எட்டுப் பேருக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டது நில அளவை. நிலத்தை அளந்தால் வரி வரும், சாலை போடலாம், ஏரியைச் சீர்திருத்தலாம். வானத்தை அளந்து என்ன கிடைக்கும்? ஆக, நிலத்துக்குப் பள்ளிக்கூடம் வந்தது. வானத்துக்குக் கருங்கல் தூண் மட்டும் போதும் என்று கம்பெனி நினைத்தது.

பஞ்சம் கேட்ட கேள்வி

வானத்தின் விலை என்ன என்பது சீக்கிரமே தெரிந்தது. 1864ல் கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கியது. 1866லும் 1871லும் பருவமழை பொய்த்தது. இவற்றின் விளைவாக 1875ல் இந்திய வானிலை ஆய்வுத் துறை உருவாக்கப்பட்டது. அதன் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டு.

அடுத்த ஆண்டே சென்னை மாகாணத்தில் மழை தவறியது. 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தக் கொடுமையைத்தான் நம் பாட்டன் பூட்டன்மார் தாது வருஷப் பஞ்சம் என்றார்கள். லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். கஞ்சித் தொட்டிகளும், ஊரைக் காலி செய்துவிட்டுக் கிளம்பிய குடும்பங்களும், கூலிக்காகக் கடல் கடந்தவர்களுமாக அந்தப் பஞ்சம் தமிழ் நாட்டின் முகத்தையே மாற்றியது.

மழை வருமா வராதா என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? பிளான்ஃபோர்டு இமயமலைப் பனியைக் கவனித்தார். குளிர்காலத்தில் பனி அதிகம் விழுந்தால் அடுத்து வரும் பருவமழை குறைகிறது என்பது அவர் கணிப்பு. அதை வைத்து 1886 முதல் முறையான பருவமழை முன்னறிவிப்பு வெளிவரத் தொடங்கியது. வேறு சிலர் சூரியப் புள்ளிகளுக்கும் மழைக்கும் தொடர்பு இருக்கலாம் என்றார்கள். 1899ல் கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் அமைந்ததற்குப் பின்னணியில் இந்தப் பஞ்சமும் உண்டு. இன்று ஏரியையும் குறிஞ்சியையும் பார்க்க மலையேறுபவர்களில் பலருக்கு, அந்த மலையுச்சிக் கட்டிடத்துக்கும் சமவெளிப் பஞ்சத்துக்கும் உள்ள தொடர்பு தெரிந்திருக்காது.

ஆக, துறை வந்தது, ஆய்வகம் வந்தது, முன்னறிவிப்பும் வந்தது. ஆனால் இவையெல்லாம் அலுவலகங்கள். இந்தியர்கள் பெரும்பாலும் கருவியைப் பார்த்து எண்ணைக் குறிப்பவர்களாகவும், எண்களைக் கூட்டிக் கழிப்பவர்களாகவும் இருந்தார்கள். அந்த எண்களுக்கு என்ன பொருள் என்று கேட்கும் வேலை மேலே இருந்தவர்களுடையது.

சிம்லாவிலிருந்து வந்த சிபாரிசு

1904ல் துறையின் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர் கில்பர்ட் வாக்கர். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதலிடம் பெற்றவர். வானிலை பற்றி அவர் முன்பு படித்ததில்லை. அதை எந்தக் கல்லூரியிலும் படித்திருக்கவும் முடியாது, ஏனென்றால் அப்போது பிரிட்டனிலேயே அதற்கு முறையான படிப்பு கிடையாது.

வாக்கர் ஒரு காரியம் செய்தார். உலகெங்கும் உள்ள காற்றழுத்த, வெப்ப, மழைப் பதிவுகளைத் திரட்டினார். எந்த ஊர் எண் ஏறும்போது எந்த ஊர் எண் இறங்குகிறது என்று ஒவ்வொன்றாக ஒப்பிட வைத்தார். கணினி இல்லாத காலம். அந்தக் கணக்குகளை எல்லாம் கையால் போட்டவர்கள் இந்திய குமாஸ்தாக்கள். பசிபிக் பெருங்கடலில் காற்றழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது, இது ஊஞ்சல் போல மாறி மாறி நடக்கிறது என்பது தெரிய வந்தது. தெற்கு அலைவு என்று வாக்கர் பெயரிட்ட இது, இன்று எல்லோரும் பேசும் எல் நினோவின் மறுபாதி.

இந்த வாக்கருக்குச் சென்னையோடு இன்னொரு தொடர்பும் உண்டு. 1913 பிப்ரவரியில் அலுவல் நிமித்தமாக அவர் சென்னை வந்திருந்தபோது, துறைமுகத்தில் வேலை பார்த்த ஒரு குமாஸ்தாவின் கணக்குகளை அவரிடம் காட்டினார்கள். அந்தக் குமாஸ்தா, சீனிவாச ராமானுஜன். எஃப்.ஏ. தேர்வில் தோற்றவர், பட்டம் இல்லாதவர். வாக்கர் உடனே சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்குக் கடிதம் எழுதினார். இந்த இளைஞர் சில ஆண்டுகளாவது வயிற்றுப்பாட்டுக் கவலை இல்லாமல் கணிதம் செய்ய வழி செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். பல்கலைக்கழகம் விதியைத் தளர்த்தியது. மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தது. பட்டம் இல்லாதவரை ஆராய்ச்சி மாணவராக ஏற்ற பல்கலைக்கழகம் அது. இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, மீண்டும் தேவைப்படும்.

வாக்கர் 1924ல் ஓய்வு பெற்று லண்டன் போனார். அங்கே இம்பீரியல் கல்லூரியில் வானிலையியல் பேராசிரியர் ஆனார். இந்திய மழையை வைத்து, இந்திய குமாஸ்தாக்களின் கைக்கணக்கை வைத்துப் பெற்ற அறிவு, இந்தியாவில் ஒரு வகுப்பறையாக மாறவில்லை. அது லண்டனில் ஒரு பேராசிரியர் நாற்காலியாக மாறியது. துறையின் தலைமை அலுவலகம் மட்டும் கல்கத்தா, சிம்லா, பூனா என்று இடம் மாறிக்கொண்டே இருந்தது.

துறைக்குள் ஒளிந்திருந்த விஞ்ஞானிகள்

வகுப்பறை இல்லாவிட்டாலும் விஞ்ஞானிகள் உருவாகாமல் இல்லை. பாலக்காடு கல்பாத்தியில் 1893ல் பிறந்த கே.ஆர். ராமநாதன் அதற்கு உதாரணம். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். கல்கத்தாவில் ராமனோடு சேர்ந்து ஒளிச் சிதறல் ஆராய்ச்சி செய்தவர். 1923ல் திரவங்களில் அவர் கண்ட ஒரு மங்கலான ஒளி, ஐந்து ஆண்டுகள் கழித்து ராமன் விளைவு என்று உலகப் புகழ் பெறப் போவதன் முதல் அறிகுறியாக இருந்தது.

1925ல் ராமநாதன் வானிலைத் துறையில் சேர்ந்தார். பலூன்களில் கருவிகளைக் கட்டி மேலே அனுப்பி வெப்பநிலை அளந்த பதிவுகளை ஆராய்ந்தார். பூமியில் சூடான இடம் நிலநடுக்கோடு. அப்படியென்றால் அதற்கு மேலே உள்ள காற்றும் சூடாகத்தானே இருக்க வேண்டும்? இல்லை என்றார் ராமநாதன். 16, 17 கிலோமீட்டர் உயரத்துக்குப் போனால், துருவப் பகுதிகளுக்கு மேலே இருப்பதை விட நிலநடுக்கோட்டுக்கு மேலேதான் மிகக் குளிர்ந்த காற்று இருக்கிறது. 1929ல் நேச்சர் இதழில் வெளியான இந்தக் கட்டுரை, வளிமண்டலத்தின் படத்தையே மாற்றி வரைய வைத்தது.

ஆனால் ராமநாதன் வானிலை கற்றது வேலையில் சேர்ந்த பிறகு, தாமாகவே. இயற்பியலில் ஏற்கெனவே தேர்ந்த ஒரு மேதைக்கு அது முடிந்தது. சாதாரணமான ஒரு நல்ல மாணவருக்கு? துறையில் பயிற்சி உண்டு. பயிற்சி என்பது தெரிந்ததைச் சரியாகச் செய்யக் கற்றுக்கொள்வது. ஆராய்ச்சிப் படிப்பு என்பது தெரியாததைக் கேட்கக் கற்றுக்கொள்வது. முதலாவதை அலுவலகம் கொடுக்கும். இரண்டாவதற்கு ஆசிரியரும், நேரமும், தப்பு செய்யும் சுதந்திரமும் வேண்டும்.

அன்னா மணிக்கு நேர்ந்தது

திருவாங்கூரில் பீர்மேட்டில் 1918ல் பிறந்த அன்னா மணி, சென்னை மாநிலக் கல்லூரியில் 1939ல் பி.எஸ்ஸி. ஆனர்ஸ் முடித்தார். அடுத்த ஆண்டு உதவித்தொகை பெற்று பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ராமனிடம் சேர்ந்தார். அங்கே வைரங்களைத் திரவக் காற்றின் குளிரில் வைத்து, ஒரே ஒரு புகைப்படத் தகட்டுக்கு 15, 20 மணி நேரம் ஒளி பாய்ச்ச வேண்டும். இரவெல்லாம் ஆய்வகத்திலேயே இருந்து அவர் அதைச் செய்தார். 1942க்கும் 1945க்கும் இடையில் தனி ஆசிரியராக ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார்.

அப்போது கழகத்தில் செய்யும் ஆராய்ச்சிக்குப் பட்டம் கொடுத்தது சென்னைப் பல்கலைக்கழகம். 1945 ஆகஸ்டில் அன்னா மணி ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்று சொல்லிப் பல்கலைக்கழகம் மறுத்துவிட்டது. ஆனர்ஸ் பட்டமும், கழகம் கொடுத்த ஆராய்ச்சி உதவித்தொகையும், ஐந்து கட்டுரைகளும் கணக்கில் வரவில்லை. 1913ல் பட்டமே இல்லாத ஒருவருக்காக வளைந்த அதே விதிப்புத்தகம், 1945ல் வளையவில்லை. ராமானுஜனுக்குப் பரிந்து எழுத ஒரு வாக்கர் இருந்தார். ஒரு மாணவரின் எதிர்காலம் யார் சிபாரிசு செய்கிறார்கள் என்பதைப் பொறுத்து இருக்கிறது என்றால், அங்கே வழி என்று ஒன்று இல்லை என்றுதானே அர்த்தம்!

அதே ஆண்டு அரசு உதவித்தொகையில் அன்னா மணி லண்டன் போனார். இயற்பியலைத் தொடர்வதுதான் எண்ணம். கிடைத்த இடமோ வானிலைக் கருவிகள் பற்றிய பயிற்சி. போய்ச் சேர்ந்தது இம்பீரியல் கல்லூரி, வாக்கர் ஒரு காலத்தில் பேராசிரியராக இருந்த அதே கல்லூரி. 

1948ல் இந்தியா திரும்பி, பூனாவில் வானிலைத் துறையின் கருவிகள் பிரிவில் சேர்ந்தார். சுதந்திரம் வந்திருந்ததே தவிர, வெப்பமானி, காற்றழுத்தமானி போன்ற எளிய கருவிகள் கூட வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தன. 1953ல் அந்தப் பிரிவின் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. அவருக்குக் கீழே 121 ஆண்கள். சுமார் 100 கருவிகளுக்கு வரைபடங்களைத் தரப்படுத்தி, இங்கேயே தயாரிக்க வைத்தார். 1957-58ல் நடந்த சர்வதேச புவி இயற்பியல் ஆண்டின்போது, சூரியக் கதிர்வீச்சை அளக்க நாடு முழுவதும் நிலையங்கள் அமைத்தார். தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் தொடங்கியபோது, விக்ரம் சாராபாய் கேட்டுக்கொண்டதன் பேரில் அங்கே வானிலை ஆய்வகம் அமைத்துக் கொடுத்தார். ஓசோனை அளக்கும் பலூன் கருவியை உள்நாட்டிலேயே உருவாக்கினார். துணைத் தலைமை இயக்குநராக 1976ல் ஓய்வு பெற்றார். 2001ல் மறைந்தார்.

பட்டம் இல்லாததால் வாழ்க்கையில் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை என்பதே பிற்காலத்தில் அவர் நிலைப்பாடு. அவரைப் பொறுத்தவரை அது உண்மையாக இருக்கலாம். ஆனால் ஒரு பேராசிரியராக அவர் ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்திருந்தால் எத்தனை ஆராய்ச்சி மாணவர்களை உருவாக்கியிருப்பார்? அந்த நஷ்டம் அவருடையது இல்லை, நாட்டுடையது.

பூனாவில் ஒரு தொடக்கம்

சுதந்திரத்துக்குப் பின் நிலைமை மெதுவாக மாறியது. 1947ல் அகமதாபாத்தில் சாராபாய் தொடங்கிய இயற்பியல் ஆய்வகத்துக்கு, வானிலைத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற கே.ஆர். ராமநாதன் 1948ல் இயக்குநராகப் போனார். மேல் வளிமண்டலம், ஓசோன் ஆகியவற்றில் ஆராய்ச்சி மாணவர்கள் அங்கே உருவானார்கள். 1950களின் தொடக்கத்திலேயே விசாகப்பட்டினத்தில் ஆந்திரப் பல்கலைக்கழகம் இத்துறையில் முதுகலைப் படிப்பு நடத்தியது. சென்னையில் பிறந்த டி.என். கிருஷ்ணமூர்த்தி அங்கே படித்துவிட்டுத்தான் அமெரிக்கா போனார். 1959ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, பிறகு புளோரிடாவில் பல பத்தாண்டுகள் வெப்பமண்டல வானிலையைக் கற்பித்தார். 

1962 நவம்பர் 17 அன்று பூனாவில் வெப்பமண்டல வானிலை ஆய்வுக்கென்று தனி நிறுவனம் தொடங்கப்பட்டது. அப்போது 40க்கும் மேற்பட்ட ஆராய்ச்சிக் கப்பல்கள் பங்கேற்ற சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. கடலில் திரட்டிய தகவலை உட்கார்ந்து ஆராய ஒரு இடம் தேவைப்பட்டது. நிறுவனத்தின் முதல் இயக்குநர் பி.ஆர். பிஷரொட்டி. இவரும் ராமனிடம் ஆராய்ச்சி செய்தவர், வானிலைத் துறை அதிகாரி. முனைவர் பட்டத்துக்காகக் கலிபோர்னியா போய், யாக்கோப் பியர்க்னஸ் என்ற மேதையிடம் படித்து 1954ல் பட்டம் பெற்றவர். அந்த பியர்க்னஸ்தான் 1960களில், வாக்கர் சொன்ன தெற்கு அலைவையும் எல் நினோவையும் முடிச்சுப் போட்டவர். 

1971ல் இந்த நிறுவனம் துறையிலிருந்து பிரிந்து தன்னாட்சி பெற்றது. இது வெறும் நிர்வாக மாற்றம் இல்லை. தினசரி முன்னறிவிப்பு சொல்ல வேண்டிய அலுவலகத்தில், பத்து வருஷம் பிடிக்கும் கேள்வியை யாரும் கேட்க முடியாது. நாளைக்கு மழை வருமா என்ற கேள்விக்கு இன்று மாலைக்குள் பதில் வேண்டும். மழை ஏன் வருகிறது என்ற கேள்விக்கு அப்படிக் கெடு விதிக்க முடியாது.

அலுவலகமும் கல்லூரியும் கை கோர்த்தபோது

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1970களில் சுலோசனா காட்கில் என்ற கணித அறிஞர் பருவமழையைக் கையில் எடுத்தார். ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பியவர். பூனா நிறுவனத்தில் இருந்த டி.ஆர். சிக்கா வானிலைப் படங்களோடு வாழ்ந்தவர். இருவரும் சேர்ந்து ஐந்து ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களை நாள் நாளாகப் பார்த்தார்கள். இந்தியப் பெருங்கடலில் நிலநடுக்கோட்டுப் பக்கம் ஒரு மேகப் பட்டை உருவாகிறது. அது வடக்கே நகர்ந்து இந்தியா மேல் வருகிறது. இரண்டு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை மறுபடி இதே கதை. 1980ல் இது கட்டுரையாக வந்தது. பருவமழை என்பது வெறும் பெரிய அளவுக் கடற்காற்று என்று பள்ளிப் புத்தகங்களில் சொல்லிக் கொடுத்ததற்கு மாறாக, அது வெப்பமண்டல மேகப் பட்டையின் பருவகால இடப்பெயர்ச்சி என்ற பார்வை வலுப்பெற்றது.

கணிதம் தெரிந்த ஒரு கல்லூரி ஆசிரியரும், மேகத்தைப் பார்த்தே பழகிய ஒரு நிறுவன விஞ்ஞானியும் ஒரே மேசையில் உட்கார்ந்ததால் வந்தது இது. நூறு வருஷமாக இந்தியாவில் இல்லாதது அந்த மேசைதான்.

1982ல் இந்திய அறிவியல் கழகத்தில் வளிமண்டல அறிவியல் மையம் தொடங்கப்பட்டது. விமானப் பொறியியலில் புகழ்பெற்ற ரொத்தம் நரசிம்மா இதற்கு முன்னின்றார். இங்கே சேர வானிலையில் முன்பட்டம் தேவையில்லை. பொறியியல், இயற்பியல், கணிதம் படித்தவர்கள் வரலாம். டெல்லி ஐ.ஐ.டி.யிலும் இதே போன்ற மையம் உருவானது. இன்ன சான்றிதழ் இல்லை என்று கதவை மூடுவதற்குப் பதில், பல துறைக் கதவுகளிலிருந்தும் உள்ளே வர வழி வைத்தார்கள். அன்னா மணியின் ஆய்வேடு திரும்பி வந்து 37 ஆண்டுகள் ஆகியிருந்தன. 

அந்த 37 ஆண்டுகளில் வெளியே போனவர்கள் பலர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வி. ராமநாதன் ஓர் உதாரணம். செகந்தராபாத்தில் குளிர்பதனப் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். பெட்டியிலிருந்து வாயு கசிவதைத் தடுப்பது அவர் வேலைகளில் ஒன்று. பின்னர் பெங்களூரில் முதுநிலை முடித்து அமெரிக்கா போய் 1974ல் முனைவர் ஆனார். அடுத்த ஆண்டே, அதே வகை வாயுக்கள் வளிமண்டலத்துக்குப் போனால் கரியமில வாயுவை விடப் பல்லாயிரம் மடங்கு வீரியத்தோடு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்று கண்டுபிடித்தார். செகந்தராபாத்தில் கசிந்த வாயுவின் கேள்விக்கு விடை அமெரிக்காவில் கிடைத்தது!

கணினியும் காடங்கியும்

வளிமண்டல அறிவியலில் ஒரு சிக்கல் உண்டு. வேதியியல் மாணவருக்குச் சோதனைக்குழாய் போதும். வானத்தைச் சோதனைக்குழாயில் அடைக்க முடியாது. அதற்குக் கப்பல், ராடார், செயற்கைக்கோள், பெரிய கணினி எல்லாம் வேண்டும். எந்த ஒரு கல்லூரியாலும் தனியாக வாங்க முடியாத சாமான்கள்.

1980களில் முன்னறிவிப்புக்காக அமெரிக்காவிடம் இந்தியா கிரே சூப்பர் கணினி கேட்டது. ராணுவத்துக்குப் பயன்படுத்திவிடுவார்களோ என்று அமெரிக்கா தயங்கி, கேட்டதை விடக் குறைந்த திறனுள்ள எக்ஸ்-எம்.பி. 14 என்ற மாதிரியைத்தான் பல நிபந்தனைகளோடு கொடுத்தது. அதற்காக 1988ல் டெல்லியில் நடுத்தர கால முன்னறிவிப்பு மையம் உருவானது. மறுபக்கம், நாமே கணினி செய்வோம் என்ற வைராக்கியத்தில் அதே ஆண்டு பூனாவில் சி-டாக் பிறந்தது. 1991ல் பரம் கணினி வந்தது.

திருப்பதிக்குப் பக்கத்தில் காடங்கி என்றொரு சிற்றூர். அங்கே 1990களின் தொடக்கத்தில் ஒரு விசித்திரமான ராடார் நிறுவப்பட்டது. ராடார் என்றால் சுழலும் தட்டு நினைவுக்கு வரும். இங்கே தட்டு இல்லை. சுமார் 130 மீட்டருக்கு 130 மீட்டர் மைதானத்தில், பழைய வீட்டு மாடிகளில் இருந்த டி.வி. ஆன்டெனா போன்றவை 1024 வரிசை வரிசையாக நிற்கும். 53 மெகாஹெர்ட்ஸ் அலையை நேரே மேலே அனுப்பும். காற்றின் சுழிப்புகளில் பட்டு மிக மெல்லிய எதிரொலி திரும்பி வரும். அதை வைத்து 20 கிலோமீட்டர் உயரம் வரையிலும், பிறகு 60 கிலோமீட்டருக்கு மேலேயும் காற்று எப்படி அசைகிறது என்று அறியலாம். பலூன் ஒரு நாளைக்கு இரண்டு தடவை சொல்லும் சேதியை இது நிமிடத்துக்கு நிமிடம் சொல்லும்.

பல அரசுத் துறைகள் செலவைப் பகிர்ந்துகொண்டன. உள்நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டினார்கள். முக்கியமான விஷயம், இதை ஒரு துறையின் சொத்தாக வைக்காமல் தேசியப் பொதுவசதியாக அறிவித்தார்கள். பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் விண்ணப்பித்து நேரம் வாங்கி ராடாரைப் பயன்படுத்தலாம். 2005ல் இது தேசிய வளிமண்டல ஆராய்ச்சி ஆய்வகம் என்று பெயர் மாறியது. அதே போல 1999ல் சாகர் கன்யா என்ற ஆராய்ச்சிக் கப்பல் வங்கக் கடலில் பருவமழையை அளக்கப் போனபோது, பல நிறுவனங்களின் ஆராய்ச்சியாளர்கள் ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்தார்கள்.

இதனால் என்ன கிடைத்தது?

1999 அக்டோபர் 29 அன்று ஒடிசாவைப் பெரும்புயல் தாக்கியது. சுமார் 10,000 பேர் இறந்தார்கள். 2013 அக்டோபர் 12 அன்று பைலின் புயல் அதே ஒடிசாவில் கரை கடந்தது. அதுவும் மிகத் தீவிரப் புயல்தான். ஆனால் நாட்கணக்கில் முன்பே எச்சரிக்கை வந்ததால் சுமார் 10 லட்சம் பேர் பாதுகாப்பான இடங்களுக்குப் போயிருந்தார்கள். உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. இதற்குப் புயல் பாதுகாப்பு மையங்கள், செல்பேசி, மாநில நிர்வாகம் என்று பல காரணங்கள். ஆனால் முதல் காரணம், நம்பகமான முன்னறிவிப்பு. அதற்குப் பின்னால் கணினிகளும் கருவிகளும் இருந்தன. அவற்றை இயக்கத் தெரிந்தவர்களை உருவாக்கிய வகுப்பறைகளும் இருந்தன.

2006ல் புவி அறிவியலுக்கென்றே தனி அமைச்சகம் வந்தது. 2024ல் பூனாவில் அர்கா, நொய்டாவில் அருணிகா என்று வானிலைக்கென்றே புதிய சூப்பர் கணினிகள் வந்தன. ஒரு காலத்தில் ஒரே ஒரு கிரேக்காகக் கெஞ்சிய நாட்டுக்கு இது சிறிய தூரம் இல்லை.

ஆனாலும் வேலை முடியவில்லை. 2015 டிசம்பர் 1ம் தேதி சென்னையில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மறுநாள் காலையில் கணக்கெடுத்தபோது தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். நுங்கம்பாக்கத்தில் 29. மின்சார ரயிலில் ஒரு மணி நேரம் கூட ஆகாத தூரம். ஏன் இந்த வித்தியாசம்? அடுத்த தடவை எந்தப் பேட்டையில் 49 விழும் என்று முதல் நாளே சொல்ல முடியுமா? அது சொல்ல முடிந்தால் எந்த ஏரியை எப்போது திறப்பது, எந்தத் தெருவைக் காலி செய்வது என்று முடிவெடுக்கலாம்.

நுங்கம்பாக்கத்தில் மழையை அளக்கத் தொடங்கி இரு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. 29 என்ற எண்ணைக் குறிப்பதற்குக் கருவி போதும். 29க்கும் 49க்கும் இடையில் உள்ள அந்த 20 சென்டிமீட்டரை விளக்க ஒரு மாணவர் வேண்டும். அவருக்கு ஒரு ஆசிரியர், ஒரு ராடார், ஒரு கணினி, நான்கைந்து வருஷம் வேண்டும். கடைசியில் அவர் ஆய்வேட்டைக் கொண்டுவந்து கொடுக்கும்போது, அதை வாங்கிப் படித்துப் பார்க்க ஒரு பல்கலைக்கழகமும் வேண்டும்.